முறிந்த மணிக்கட்டு, புதிய வண்டி, டிராக் டே: திரும்பிப் போவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு திருப்பத்தில் முன் பிரேக்கை விடாமலே மோட்டார் சைக்கிளைச் சாய்த்தேன். முன் டயர் வழுக்கியது, கீழே ஊன்றிய வலது கை மணிக்கட்டில் முறிந்தது. எலும்புக்குத் தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். வண்டியோ சரிசெய்யும் நிலையில் இல்லை. மூன்றரை மாதத்தில் வேறொரு வண்டியை வாங்கி, வாங்கிய வாரத்திலேயே டிராக் டேவுக்கு, அதாவது பந்தயமில்லாமல் ஓடுதளத்தில் சொந்த வண்டியைச் சில ஓட்டங்களாக ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, பணமும் கட்டினேன். அந்த முறை மருத்துவரின் கடிதத்தில் ஒரு வரி இல்லாததால் பதிவு மேசையிலிருந்தே திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை உள்ளே விட்டார்கள், ஆனால் மூன்றாவது ஓட்டத்தின் நடுவில் பிரேக் லீவரை இழுக்க விரல்களில் வலு இல்லை. மூன்று முறை பணம் கட்டி ஒரு முறைதான் நாள் முழுவதும் ஓட்டினேன் என்பதால், அந்த ஒரு நாள் எப்படி அமைந்தது என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

காயப்பட்ட கை ஒரு புதிர், புதிய வண்டி இன்னொரு புதிர். இரண்டையும் ஒரே நாளில் அவிழ்க்கப் பார்த்ததுதான் என் தவறு. கீழே உள்ள படிகள் எல்லாம் இவ்விரண்டையும் டிராக்குக்குப் போவதற்கு முன்பே தனித்தனியாகத் தீர்த்துவிடுவதற்கானவை. நான் எழுதுவது மணிக்கட்டைப் பற்றி. காறை எலும்பு, கணுக்கால் ஆகியவற்றில் காயம் பட்டவர்களுக்கும் வரிசை இதுவேதான். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டவர்கள் மட்டும் இந்தக் கட்டுரையை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அவர்களுக்கு நரம்பியல் மருத்துவரின் அனுமதி தனியாக வேண்டும்.

1. பணம் கட்டுவதற்கு முன் நாட்களைப் பின்னோக்கி எண்ணுங்கள்

தேதியை முதலில் பிடித்துவிட்டு மற்றவற்றை அதற்குள் திணிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் மருத்துவரைப் பார்க்க, எக்ஸ்ரே எடுக்க, கடிதம் வாங்க, காப்பீட்டு நிறுவனத்தின் பதில் எழுத்தில் வர, வண்டி முதல் சர்வீஸை முடிக்க என்று கூட்டினால் எனக்கு எட்டு வாரம் ஆனது. இதில் மிகவும் தாமதமானது காப்பீட்டு நிறுவனத்தின் பதில். மூன்று முறை நினைவூட்டிய பிறகே வந்தது. ஆகவே எட்டு வாரத்துக்குப் பிந்தைய தேதியையே பாருங்கள், அதையும் மருத்துவரின் கடிதம் கைக்கு வந்த பிறகே பதிவு செய்யுங்கள்.

பதிவு செய்யும்போது ரத்து விதியைக் கட்டாயம் படிக்க வேண்டும். சில ஏற்பாட்டாளர்கள் பணத்தைத் திருப்பித் தருவதில்லை, ஆனால் குறிப்பிட்ட நாட்களுக்கு முன் சொன்னால் வேறு தேதிக்கு மாற்றித் தருகிறார்கள். மருத்துவக் காரணத்துக்குத் தனிச் சலுகை வைத்திருப்பவர்களும் உண்டு. தேதியை மாற்றும் வசதியுள்ள பதிவு சற்று விலை கூடுதலாக இருந்தாலும் காயத்திலிருந்து மீளும் ஒருவருக்கு அதுவே மலிவானது.

2. மருத்துவரிடம் சரியான கேள்வியைக் கேளுங்கள்

“வண்டி ஓட்டலாமா?” என்று கேட்டேன், “ஓட்டலாம்” என்றார். அவர் மனதில் இருந்தது கடைக்குப் போய்வரும் வண்டி, என் மனதில் இருந்தது வேறு. கேள்வி தவறாக இருந்ததால் பதிலும் பயன்படவில்லை.

டிராக்கில் மணிக்கட்டு எதைத் தாங்க வேண்டும் என்பதை எண்களோடு சொல்லுங்கள். உலர்ந்த தளத்தில் ஒரு நல்ல ஸ்போர்ட்ஸ் வண்டி முழு பிரேக்கில் கிட்டத்தட்ட புவியீர்ப்புக்கு இணையான வேகக் குறைப்பைக் கொடுக்கும். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலை அப்போது 60 கிலோவுக்கு மேற்பட்ட விசை முன்னால் தள்ளுகிறது. தொடைகளால் டேங்கை இறுக்கி அதில் எவ்வளவைத் தாங்குகிறீர்களோ அவ்வளவு போக மீதி முழுவதும் இரண்டு உள்ளங்கைகள் வழியாக மணிக்கட்டில் இறங்குகிறது. அதே நேரத்தில் வலது கை விரல்கள் லீவரை அளந்து இழுக்கவும் வேண்டும். இதை விளக்கியபோதுதான் என் மருத்துவர் எக்ஸ்ரேயை மறுபடியும் எடுத்துப் பார்த்தார்.

கேட்க வேண்டியவை இவை. எலும்பு முழுவதும் கூடியிருக்கிறதா, எந்தத் தேதியின் எக்ஸ்ரேயை வைத்துச் சொல்கிறார்? மணிக்கட்டின் இந்த வகை முறிவு ஆறு வாரத்தில் ஓரளவு கூடிவிடும் என்றாலும், பலமான வேலைகளுக்கும் விளையாட்டுகளுக்கும் மூன்று மாதமாவது ஆகும், விறைப்பு அதற்குப் பிறகும் பல மாதம் நீடிக்கலாம். கட்டைவிரல் பக்கமுள்ள படகு எலும்பு முறிந்திருந்தால் அதற்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் இன்னும் மெதுவாகக் கூடும். அதற்குச் சாதாரண எக்ஸ்ரேயை மட்டும் நம்பாமல் சி.டி. ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். தகடு உள்ளே இருக்கும்போது மீண்டும் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள்: தகட்டின் ஓரத்தில் எலும்பு புதிதாக முறியக்கூடும். தகட்டை எடுத்துவிட்டால் திருகாணித் துளைகள் மூடும்வரை எலும்பு பலவீனமாகவே இருக்கும். ஆகவே தகட்டை எடுக்கும் எண்ணம் இருந்தால் அதற்கும் டிராக் டேவுக்கும் இடையே எத்தனை மாதம் விட வேண்டும் என்பதை அவரே சொல்ல வேண்டும்.

கடிதத்தில் காயத்தின் தேதி, செய்த சிகிச்சை, தகடு உள்ளதா இல்லையா, கடைசி எக்ஸ்ரேயின் தேதி, இப்போது எடுக்கும் மருந்துகள், மருத்துவரின் பதிவு எண், கையெழுத்து, கடிதத் தேதி ஆகியவை இருக்க வேண்டும். இவற்றைவிட முக்கியமானது “மூடிய ஓடுதளத்தில் அதிவேகத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தகுதியுள்ளவர்” என்ற வரி. என் முதல் கடிதத்தில் “வழக்கமான வேலைகளைச் செய்யலாம்” என்று மட்டும் இருந்தது, பதிவு மேசையில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு முடியாது என்று தலையை ஆட்டினார். ஏற்பாட்டாளர் தன் சொந்தப் படிவம் வைத்திருந்தால் அதை முன்கூட்டியே வாங்கி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கடிதம் எத்தனை நாள் பழையதாக இருக்கலாம் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

3. கை இருபது நிமிடம் தாங்குகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள்

எலும்பு கூடியதற்கும் கை தேறியதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. கட்டு அவிழ்த்தபோது என் முன்கை இடது கையின் முக்கால் பருமன்கூட இல்லை. பிசியோதெரபி நிபுணரிடம் பிடிவலுவை அளக்கும் கருவி இருக்கும். இரண்டு கைகளையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு வலது கை பொதுவாகச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும் என்பதால், காயப்பட்ட வலது கை இடது கைக்குச் சமமாக வந்ததை முழு மீட்சி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் ஒரே ஒரு பிடியின் வலுவைவிடச் சோர்வுதான் என்னைக் கவிழ்த்தது. ஒரு சுற்று இரண்டு நிமிடம் என்றும், அதில் எட்டு இடத்தில் பிரேக் பிடிக்க வேண்டும் என்றும் வைத்துக்கொண்டால், 20 நிமிட ஓட்டத்தில் லீவரை 80 முறை இழுக்கிறீர்கள், அதாவது 15 விநாடிக்கு ஒரு முறை. இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, கையுறை உட்பட முழு உடையும் போட்டு, ஓட்டும் நிலையில் குனிந்து உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து 15 விநாடிக்கு ஒரு முறை லீவரை உறுதியாக இழுத்து இரண்டு மூன்று விநாடி பிடியுங்கள். 20 நிமிடம் முடிந்ததும் 40 நிமிடம் ஓய்வு, பிறகு மறுபடியும். மூன்று சுற்று இப்படிச் செய்துவிட்டு, மறுநாள் காலையில் மணிக்கட்டு வீங்கியிருக்கிறதா, காபி டம்ளரைத் தூக்கும்போது வலிக்கிறதா என்று பாருங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. நான் முதலில் இதைச் செய்தபோது ஐம்பதாவது இழுப்பில் விரல் நடுங்கியது. ஐந்து வாரப் பயிற்சிக்குப் பிறகே மூன்று சுற்றையும் முடித்தேன்.

அடுத்தது மணிக்கட்டு மேல்நோக்கி எவ்வளவு வளைகிறது என்பது. த்ராட்டிலை (வேகத்தைக் கூட்டத் திருகும் வலது கைப்பிடியை) முழுவதும் திறக்கும்போது முழங்கை மேலே இருந்தால் மணிக்கட்டு மிக அதிகமாக மடங்கும். முழங்கையைத் தாழ்த்தி, திறப்பதற்கு முன்பே கைப்பிடியை ஒரு திருப்புளியைப் பிடிப்பதுபோலச் சற்றுச் சாய்வாகப் பிடித்தால் வளைவு வெகுவாகக் குறையும். இதையும் நின்ற வண்டியிலேயே பழகலாம்.

மருந்து விஷயத்தில் சமரசம் கூடாது. ஓபியாய்டு வகை வலிநிவாரணிகளும், நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின், காபாபென்டின் போன்றவையும் தூக்கத்தையும் மந்தத்தையும் தரும். அவற்றை எடுத்துக்கொண்டு ஓட்டவே கூடாது. தூக்கம் தராத சாதாரண வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓட்டுவதையும் நான் ஏற்கவில்லை, ஏனென்றால் அன்றைக்கு நிறுத்த வேண்டிய நேரத்தைச் சொல்லப்போவது அந்த வலி ஒன்றுதான். ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எடுப்பவர்கள் அதை மருத்துவரிடமும், டிராக்கின் மருத்துவக் குழுவிடமும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

4. காப்பீடு, உத்தரவாதம், கையெழுத்துப் போடும் தாள்கள்

உங்களிடம் மூன்று விதமான பாலிசி இருக்கலாம், மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சாலைக்கான வண்டிக் காப்பீடு பெரும்பாலும் ஓடுதளத்தில் செல்லாது. “பந்தயம்” என்ற சொல் மட்டும் விலக்கில் இருக்கிறதா, “மூடிய தளத்தில் எந்தப் பயன்பாடும்” என்று இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டாவது வகை டிராக் டேவையும் சேர்த்தே விலக்குகிறது. மருத்துவக் காப்பீட்டில் அபாய விளையாட்டுகள் என்ற பிரிவைத் தேடுங்கள். மூன்றாவது, வேலைக்குப் போக முடியாமல் போனால் வருமானம் தரும் பாலிசி. இதை யாரும் நினைப்பதில்லை, ஆனால் நான் ஏழு வாரம் வீட்டில் இருந்தபோது அதன் அருமை தெரிந்தது.

தொலைபேசியில் “பரவாயில்லை, கவர் ஆகும்” என்று சொல்வதை நம்பாதீர்கள். கேள்வியை மின்னஞ்சலில் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பழைய காயத்தை மறைக்கவும் வேண்டாம். அதே மணிக்கட்டில் மறுபடி அடிபட்டால் முன்பே இருந்த குறையை மறைத்தார் என்று முழுக் கோரிக்கையையும் மறுக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். ஒரு நாளுக்கு மட்டுமான டிராக் டே காப்பீடு கிடைக்கும் இடங்களில், அது வண்டிக்கு மட்டுமா உங்களுக்கும் சேர்த்தா, நீங்களே ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு என்று பாருங்கள். அந்தத் தொகை பல நேரம் ஒரு சாதாரண விழுதலின் பழுதுச் செலவைவிட அதிகமாக இருக்கும். அப்படியானால் அந்தக் காப்பீடு வண்டி முற்றிலும் நொறுங்கினால் மட்டுமே உதவும்.

புதிய வண்டிக்கு உத்தரவாதப் புத்தகத்தையும் படியுங்கள். பந்தயத்தில் அல்லது போட்டியில் பயன்படுத்தியதால் வந்த பழுதை ஏற்க மாட்டோம் என்ற வரி பெரும்பாலான புத்தகங்களில் இருக்கும். டிராக் டேவும் அதில் அடங்குமா என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள்.

பொறுப்புத் துறப்புப் படிவத்தைக் காலையில் வரிசையில் நின்றுகொண்டு கையெழுத்திடுவதே வழக்கம். அதை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் படியுங்கள். தடுப்புச் சுவரைச் சேதப்படுத்தினால், அல்லது தளத்தில் எண்ணெய் சிந்தினால் சுத்தம் செய்யும் செலவை ஓட்டுநரே கொடுக்க வேண்டும் என்ற விதி சில தளங்களில் உண்டு.

ஒரே உறையில் போட வேண்டியவை: ஓட்டுநர் உரிமம், மருத்துவரின் கடிதம், கடைசி எக்ஸ்ரேயின் நகல், காப்பீட்டு நிறுவனத்தின் பதில், பதிவுச் சீட்டு, முதல் சர்வீஸ் ரசீது. இதோடு சிறிய அட்டை ஒன்றில் உங்கள் பெயர், ரத்த வகை, ஒவ்வாமை, மருந்துகள், எந்தக் கையில் தகடு, யாரை அழைக்க வேண்டும் என்று எழுதிச் சூட்டின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. புதிய வண்டியைச் சாலையிலேயே பழகி முடியுங்கள்

புதிய எஞ்சினுக்கு ரன்-இன் தூரம், அதாவது அதை முடுக்காமல் ஓட்டிப் பழக்க வேண்டிய தூரம், கையேட்டில் இருக்கும். முதல் சர்வீஸ் பெரும்பாலும் 1,000 கிலோமீட்டரை ஒட்டி வரும். சில நிறுவனங்கள் எஞ்சின் வேகக் கட்டுப்பாட்டை 1,600 கிலோமீட்டர் வரை நீட்டிக்கின்றன. இதை முடிக்காமல் டிராக்குக்குக் கொண்டுபோனால் எஞ்சினுக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல. அந்த ஆயிரம் கிலோமீட்டர்தான் கியர் எங்கே விழுகிறது, பிரேக் எங்கே கடிக்கிறது என்று கை கற்றுக்கொள்ளும் நேரம். நான் இதை ஒரு சடங்காக எண்ணி இரண்டு நாளில் ஓட்டித் தீர்க்கப் பார்த்தேன். மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். வாரத்துக்கு 150, 200 கிலோமீட்டர் என்று பிரித்தால் ஐந்து முதல் ஏழு வாரம் ஆகும், அது கைக்கான பயிற்சியாகவும் அமையும்.

புதிய டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் வரை முரட்டுத்தனமான முடுக்கமும் பிரேக்கும் இல்லாமல், சாய்வைச் சிறிது சிறிதாகக் கூட்டி ஓட்ட வேண்டும். புதிய பிரேக் பேடுகளும் அப்படியே. டிராக் டேவுக்காகப் புது டயர் போடுபவர்கள் அதை முந்தின நாள் போட்டுக்கொண்டு வரக் கூடாது.

பிரேக் எண்ணெயைப் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். டாட் 4 என்ற தரத்திலான புதிய எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் உறிஞ்சிய பிறகு அது 155 வரை இறங்கலாம். கொதித்தால் லீவர் கைப்பிடி வரை வந்துவிடும். வலுக் குறைந்த கைக்கு லீவரின் தூரம் நடுவழியில் மாறுவதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை.

டயர் காற்றழுத்தம் பற்றி ஆளுக்கொரு எண் சொல்வார்கள். ஸ்போர்ட்ஸ் வண்டிகளின் கையேட்டில் சாலைக்கு முன்னால் 36, பின்னால் 42 பி.எஸ்.ஐ. என்று இருப்பது வழக்கம்; டிராக்கில் டயர் அதிகம் சூடாகி அழுத்தம் ஏறுவதால் குறைத்து வைப்பார்கள். எவ்வளவு குறைப்பது என்பதை டயர் நிறுவனம் உங்கள் டயருக்கு வெளியிட்ட அட்டவணையிலிருந்து எடுங்கள், பக்கத்து வண்டிக்காரரிடமிருந்து அல்ல. அது குளிர்ந்த டயருக்கான எண்ணா, ஓட்டம் முடிந்து வந்தவுடன் அளக்கும் சூடான டயருக்கான எண்ணா என்பதையும் கவனியுங்கள். இரண்டையும் குழப்புவதுதான் வழக்கமான தவறு.

6. கைப்பிடியை உங்கள் கைக்கு ஏற்ப அமையுங்கள்

கடையிலிருந்து வரும் அமைப்பு ஒரு சராசரி மனிதனுக்கானது. உங்கள் மணிக்கட்டு இப்போது சராசரி அல்ல. ஓட்டும் நிலையில் கண்ணை மூடிக்கொண்டு விரல்களை நீட்டினால் அவை நேராக லீவரின் மேல் போய் அமர வேண்டும். முன்கையும் விரல்களும் ஒரே கோட்டில் இருக்கும்படி லீவரின் சாய்வைத் திருப்பி இறுக்குங்கள். லீவரில் உள்ள சிறு சக்கரத்தால் தூரத்தைக் குறைக்கலாம், ஆனால் முழு பலத்தில் இழுத்தாலும் மற்ற விரல்களை நசுக்காத அளவுக்கு இடம் விட்டுவையுங்கள். இதற்குப் பணச் செலவே இல்லை. என் அனுபவத்தில் ஆயிரக்கணக்கில் விலை உள்ள எந்தப் பாகத்தையும்விட அதிகப் பயன் தந்தது இதுதான்.

டேங்கின் இரண்டு பக்கமும் ஒட்டும் சொரசொரப்பான ரப்பர்ப் பட்டைகள் அடுத்தது. பிரேக் பிடிக்கும்போது தொடை வழுக்காமல் நின்றால் கைக்கு வரும் சுமை வெகுவாகக் குறைகிறது. ஆகவே கைக்குப் பயிற்சி செய்யும் அளவுக்குத் தொடைக்கும் இடுப்புக்கும் செய்யுங்கள்.

அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷனில் புதியவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: முழு உடையில் உட்கார்ந்தால் வண்டி எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து, 30 முதல் 35 மில்லிமீட்டருக்குள் வரும்படி ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தைச் சரிசெய்வது. மற்ற திருகுகளைத் தொட வேண்டாம். எஞ்சினின் போக்கை மாற்றும் ஓட்ட முறைகள் உள்ள வண்டியில் முதல் இரண்டு ஓட்டங்களுக்கு மழை முறையைத் தேர்ந்தெடுங்கள். வெயில் அடித்தாலும் வெட்கப்பட வேண்டியதில்லை, த்ராட்டில் மென்மையாகிறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்ஸை அணைக்காதீர்கள்.

7. உடை

விழுந்தபோது போட்டிருந்த ஹெல்மெட்டை மறுபடி அணியாதீர்கள். உள்ளே இருக்கும் நுரை அடியை வாங்க ஒரு முறைதான் நசுங்கும், வெளியில் ஒன்றும் தெரியாது. புதியது வாங்கினால் இ.சி.இ. 22.06 என்ற தர முத்திரையைப் பாருங்கள். ஏற்பாட்டாளர் வேறு தரங்களை ஏற்கிறாரா என்பது விதிமுறையில் இருக்கும். முதுகுக் காப்பில் இ.என். 1621-2, நிலை 2 என்ற தரக் குறி இருப்பது நல்லது.

தோல் சூட்டை வாங்கிய உடம்பு இப்போது இல்லை என்பதை நான் டிராக் டேவுக்கு முந்தின இரவில்தான் கண்டுபிடித்தேன். சும்மா இருந்த மாதங்களில் இடுப்பு பெருத்து, கை சூம்பிவிட்டது. கையில் தொளதொளத்த சூட்டில் முழங்கைக் காப்பு விழும்போது நகர்ந்துவிடும். ஒரு மாதத்துக்கு முன்பே போட்டுப் பார்த்து, தையல் கிழிந்த இடம் இருந்தால் சரிசெய்யக் கொடுங்கள்.

கையுறையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். விழும்போது கையை ஊன்றாதே என்று எல்லோரும் சொல்வார்கள். விழுகிற அந்தக் கணத்தில் யாருக்கும் அது நினைவில் வராது. உள்ளங்கையின் அடிப்பகுதியில் வழுக்கிச் செல்லும் கடினமான பட்டை இருந்தால் கை தரையில் கடித்து நிற்காமல் சறுக்கும். மணிக்கட்டுக் காப்புப் பட்டை அணிய மருத்துவர் சொல்லியிருந்தால், அதை அணிந்தபடியே கையுறையின் அளவைத் தேர்ந்தெடுங்கள்.

8. செலவு

நுழைவுக் கட்டணத்தை மட்டும் பார்த்துத் திட்டமிட்டால் ஏமாந்துபோவீர்கள். என் மொத்தச் செலவில் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மருத்துவர், எக்ஸ்ரே, பிசியோதெரபி, முதல் சர்வீஸ், பிரேக் எண்ணெய், ஒரு நாள் காப்பீடு, வண்டியை ஏற்றிச் செல்லும் வாகனம், வழக்கத்தைவிட அதிகமாகத் தின்னும் பெட்ரோல், தேய்ந்த டயர் என்று வரிசை நீளும். விழுந்தால் உடனே வேண்டிய இரண்டு லீவர், ஒரு கால்மிதி ஆகியவற்றைக் கையில் வைத்திருப்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

வண்டியை ஓட்டிக்கொண்டே போய், ஓட்டிக்கொண்டே திரும்பலாம் என்று நினைக்காதீர்கள். மாலையில் அந்தக் கைக்கு வீட்டுக்குப் போகும் வலு இருக்காது. வாகனத்துக்கும், கூட வரும் ஒருவருக்கும் ஆகும் செலவை முதலிலேயே எழுதிவிடுங்கள். அதைக் கட்ட முடியாது என்றால் ஓட்டத்தைத் தள்ளிவையுங்கள்.

9. அன்று காலை

முதல் ஓட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பாவது உள்ளே இருங்கள். பதிவு, வண்டிச் சோதனை, ஒலி அளவு சோதனை, விளக்கக் கூட்டம் என்ற வரிசையில் எதையும் தவறவிட முடியாது. விளக்கக் கூட்டத்தைத் தவறவிட்டவரைத் தளத்தில் விடுவதில்லை. கண்ணாடிகளைக் கழற்றி, விளக்குகளின் மேல் நாடா ஒட்டுவதை முந்தின நாளே முடித்துவிடுங்கள். சோதனையில் செயின் தளர்வு, டயரின் தேய்மானம், எண்ணெய்க் கசிவு, த்ராட்டில் விட்டதும் தானாகத் திரும்புகிறதா என்பவற்றைப் பார்ப்பார்கள்.

பதிவு முடிந்ததற்கு அடையாளமாகக் கையில் ஒரு பட்டை கட்டுவார்கள். காயம் படாத கையில் கட்டச் சொல்லுங்கள். கையுறைக்குள் அது நாள் முழுவதும் உறுத்தும்.

புதியவர்கள் குழுவிலேயே பதிவு செய்யுங்கள், முன்பு எந்தக் குழுவில் ஓட்டியிருந்தாலும் சரி. அங்கே முந்திச் செல்வதற்கான விதி கடுமையாக இருக்கும், பயிற்றுநரும் கிடைப்பார். அவரிடம் காயத்தைச் சொல்லிவிடுங்கள். கொடிகளை மறுபடி மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது, சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, வேகத்தைக் குறைத்துப் பிட் லேனுக்கு (தளத்தை விட்டு வெளியே வரும் பக்கப் பாதைக்கு) திரும்ப வேண்டும், மஞ்சளில் சிவப்புக் கோடுகள் என்றால் தளம் வழுக்கும், கறுப்பில் ஆரஞ்சு வட்டம் என்றால் உங்கள் வண்டியிலேயே கோளாறு.

10. ஓட்டங்கள்

ஒரு குழுவுக்கு 15 முதல் 20 நிமிடம் வீதம் நாளுக்கு ஐந்தாறு ஓட்டம் கிடைக்கும். எல்லாவற்றையும் ஓட்டித் தீர்க்க வேண்டும் என்ற எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். நான் முழுதாக முடித்த நாளில் நான்குதான் ஓட்டினேன்.

முதல் ஓட்டத்தில் பயிற்றுநரின் பின்னால் வழியைப் பாருங்கள். நேர்பாதைகளில் வேகத்தைக் கூட்டாமல், வழக்கமாகப் பிரேக் பிடிக்கும் இடத்துக்கு வெகு முன்பே மென்மையாகப் பிடித்து, லீவர் எப்படிப் பதில் சொல்கிறது என்று மட்டும் கவனியுங்கள். மணிக்கு 180 கிலோமீட்டரில் வண்டி ஒரு விநாடிக்கு 50 மீட்டர் போகிறது. சோர்ந்த விரல் அரை விநாடி தாமதித்தால் 25 மீட்டர் போய்விட்டது. அதனால் பிரேக் அடையாளத்தை நாள் முழுவதும் பழைய இடத்தைவிட முன்பே வைத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. நீங்கள் மெதுவாகப் போவதால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. திடீரென்று பாதை மாறினால்தான் இடைஞ்சல். பின்னால் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் உங்கள் கோட்டிலேயே போங்கள், முந்துவது வருபவரின் பொறுப்பு.

ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் மூன்றைப் பாருங்கள்: கட்டைவிரலும் சுண்டுவிரலும் முழு வலுவோடு தொடுகின்றனவா, விரலில் மரத்துப்போன உணர்வு இருக்கிறதா, தண்ணீர் பாட்டிலின் மூடியை அந்தக் கையாலேயே திறக்க முடிகிறதா. பாட்டில் சோதனை சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் எனக்கு அன்றைய நாளை முடித்துவைத்தது அதுதான். மூன்றில் ஒன்று தவறினாலும் அடுத்த ஓட்டத்தை விட்டுவிடுங்கள். இரண்டு தவறினால் சூட்டைக் கழற்றிவிடுங்கள், ஏனென்றால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்போது சூட் உடம்பில் இருந்தால் மனம் மாறிவிடும்.

மதிய இடைவேளைக்குப் பிந்தைய ஓட்டம் ஏமாற்றக்கூடியது. கை ஓய்வெடுத்திருக்கிறது, தளம் சூடாக இருக்கிறது, காலையில் கற்ற கோடு நினைவில் இருக்கிறது. வேகம் தானாகவே ஏறும். நான் இரண்டாம் முறை போனபோது லீவரைத் தவறவிட்டது அப்படி ஒரு ஓட்டத்தில்தான். இழுத்தேன், விரல்கள் வந்தன, வலு வரவில்லை. நல்ல வேளையாகத் திருப்பத்துக்கு வெளியே அகலமான காலியிடம் இருந்ததால் நேராகப் போய் நிறுத்தினேன். ஓட்டத்தின் நடுவில் கை சோர்வதை உணர்ந்தால் சுற்றை முடிக்கும்வரை காத்திராமல் வேகத்தைக் குறைத்து, இடது கையை உயர்த்தி, வேகமாக வருபவர்கள் போகும் பந்தயக் கோட்டிலிருந்து விலகிப் பிட்டுக்குள் வாருங்கள். காயம் இடது கையில் என்றால் இடது காலை நீட்டிக் காட்டினாலும் பின்னால் வருபவருக்குப் புரியும்.

கடைசி ஓட்டத்தை நான் எப்போதும் விட்டுவிடுகிறேன். சோர்ந்த ஓட்டுநர்களும் தேய்ந்த டயர்களும் சேர்ந்து ஓடும் நேரம் அது, முழு பலத்துடன் இருப்பவர்களுக்கே அது நல்ல நேரமில்லை.

11. இறங்கிய பிறகு

கையில் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைத்து, கையை உயர்த்தி வையுங்கள். வீக்கம் இரண்டு நாளுக்கு மேல் நின்றாலோ, தகட்டின் ஓரத்தில் புள்ளியாக வலித்தாலோ, விரல் மரத்துப்போனாலோ எக்ஸ்ரே எடுங்கள், விழவில்லை என்றாலும் சரி. டயரின் காற்றைச் சாலை அளவுக்கு ஏற்றி, கண்ணாடிகளை மாட்டி, விளக்குகளில் ஒட்டிய நாடாவை உரித்த பிறகே வண்டியைச் சாலையில் இறக்குங்கள். எத்தனையாவது ஓட்டத்தில் கை சோர்ந்தது, பாட்டில் மூடி எப்போது திறக்கவில்லை என்பதைத் தேதியோடு எழுதி அதே உறைக்குள் போட்டு வையுங்கள். அடுத்த தேதியைப் பதிவு செய்வதற்கு முன் பிசியோதெரபி நிபுணர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.